நாற்பது பக்கம் கேட்ட பள்ளிக்கூடம்

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் சாய்ந்த கோபுரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. ரோமையும் பார்க்கவில்லை. நான் பத்து வாரம் இருந்தது வட இத்தாலியில் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஷூ டிசைன் சொல்லித் தரும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன். பெயர் போட்டு எழுதினால் வம்பு.

போனது தொண்ணூறுகளின் கடைசியில். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீடு சத்துவாச்சாரியில், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களைப் பையர் என்போம். பையர் ஒரு மாதிரி ஷூ அனுப்புவார். நாங்கள் அதைப் பார்த்து அதேபோல் இன்னொன்று செய்து அனுப்ப வேண்டும். தையல் ஒரு நூல் தள்ளிப் போனாலும் திரும்பி வந்துவிடும். மூன்று வருஷம் அந்த வேலை செய்ததில் யாருடைய கையெழுத்தையும் போடக்கூடிய கை எனக்கு வந்துவிட்டது. என் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது.

அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பிளஸ் டூ முடித்ததும் எனக்கும் நர்ஸிங் விண்ணப்பம் வாங்கி வந்தார். நான் அதன் பின்பக்கத்தில் ஒரு ஷூவை வரைந்து வைத்தேன். வேண்டுமென்றேதான். அப்பா அணைக்கட்டு தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் அவருக்கு எப்போதும் ஒரு ஃபைல் பார்க்க வேண்டியிருக்கும். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் சென்னைக்குப் போய் காலணி டிசைனில் டிப்ளமோ படித்துவிட்டு வந்தேன். சர்ச்சில் ஒரு அத்தை, படித்த பெண் தோல் கம்பெனிக்கா போகிறாள் என்று மூக்கைச் சுளித்தார். உங்கள் காலில் இருப்பது என்ன அத்தை, வாழை மட்டையா என்று கேட்டேன். அதற்கும் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் பாய் என்னைத் தன் ரூமுக்கு அழைத்தார்.

"ஜெர்மன்காரன் டிசைனுக்கு இத்தாலிக்காரன்கிட்ட போறான். இத்தாலிக்காரன் தையலுக்கு நம்மகிட்ட வர்றான். நடுவுல நாம இன்னா, போஸ்ட்மேனா? நீ போய் கத்துக்கினு வாம்மா. சர்டிபிகேட்டோட வந்தா நீதான் நம்ம கம்பெனி டிசைனர். இல்லாங்காட்டி பழைய பெஞ்சு. பேச்சு பேச்சா இருக்கணும்."

சரி என்றேன். ஆம்பூரில் இருந்த ஷூ ஃபேக்டரிகளில் எனக்குத் தெரிந்து டிசைனர் என்று ஒரு பெண்ணும் கிடையாது. ஆணும் அநேகமாகக் கிடையாது. மாஸ்டர் உண்டு, சூப்பர்வைசர் உண்டு, மேனேஜர் தேவைக்கு மேலேயே உண்டு.

போன அன்றே ரயிலில் சண்டை. காட்பாடியில் டிக்கெட் வாங்கினால் வாங்கினதுதான்; அதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். இத்தாலியில் அது போதாதாம். ஏறுவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் இருக்கும் ஒரு மஞ்சள் பெட்டியில் டிக்கெட்டைச் செருகி, நேரத்தையும் தேதியையும் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். நான் குத்தவில்லை. பரிசோதகர் அபராதச் சீட்டை எடுத்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறி, என் இரண்டு பெட்டிகளையும் காட்டிக் காட்டிப் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்த கிழவி அவரிடம் ஏதோ அழுத்தமாகச் சொன்னார். அவர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: "அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள், இந்த ஒரு மணி நேரத்துக்கா ஏமாற்றப்போகிறாள் என்று கேட்டார்."

அந்தப் பாட்டிக்கு இன்றைக்கும் ஒரு வணக்கம்.

தங்கியது சின்யோரா பியா என்ற ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடியில். முதல் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் நன்றாகத் தெரிந்த வாசனை. ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும். இரண்டு தெரு தள்ளி தோல் பதனிடும் டேனரி ஒன்று. சின்யோரா ஓடி வந்து, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சைகை காட்டி ஜன்னலைச் சாத்தினார். அவர் கீழே போனதும் நான் திறந்துவிட்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்த டேனரிப் பக்கமாக நடந்து போனேன். ஓரத்தில் ஒரு ஆறு. அதில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் வாத்து இருந்தது. அதே தோல், அதே சுண்ணாம்பு, அதே வேலை. எங்கள் பாலாற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எங்கள் தோலில் தைத்த ஷூக்கள் எல்லாம் எந்த ஊர்க் கால்களுக்குப் போகின்றன என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் அந்த வாத்துகளை முறைத்துக்கொண்டு நின்றேன். பாவம், அவை என்ன செய்யும்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் பயணக் கட்டுரை ஆகாது. முதல் ஞாயிறு சின்யோரா ஒரு பெரிய பாத்திரத்தில் மஞ்சளாக ஏதோ கிண்டினார். பெயர் பொலெந்தா. பார்த்தால் சோளக் களி. கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோளம், கீரைக் குழம்புக்குப் பதில் காளான் குழம்பு. நான் கையால் உருட்டி முழுங்கியதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பாட்டியும் கையால்தான் சாப்பிடுவாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் முள்கரண்டியையே எடுத்துக்கொண்டார்.

அரிசியும் சமைப்பார்கள். ஆனால் அது ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடுவதற்கு முன்னால் வடிப்பார்களே, அந்தப் பதத்திலேயே தட்டுக்கு வந்துவிடும். நடுவில் கடிபட வேண்டுமாம், அதுதான் ருசியாம். எங்கள் ஊரில் அப்படிப் பரிமாறினால் அண்டாவோடு திருப்பி அனுப்புவார்கள்.

பள்ளிக்கூடம் ஒரு பழைய நூற்பு ஆலைக்குள் இருந்தது. எங்கள் வகுப்பு வெளிநாட்டினருக்கானது. பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு ஓட்டை ஆங்கிலம். ஆசிரியர் ரெனாத்தோவுக்கு ஐம்பது வயது இருக்கும்; பெரிய கம்பெனிகளுக்கு டிசைன் செய்து கொடுத்தவர். முதல் நாளே ஆளுக்கு ஒரு கறுப்பு நோட்டுக் கொடுத்தார். நாற்பது பக்கம். மனதில் தோன்றுவதையெல்லாம் இதில் வரையுங்கள், கடைசியில் ஷூவோடு இதையும் காட்ட வேண்டும் என்றார்.

நான் தலையாட்டினேன். அங்கேதான் தப்பு.

எனக்கு நோட்டில் வரைந்து யோசிக்க வராது. கையில் கட்டை வேண்டும். கட்டை என்றால் கால் வடிவில் செதுக்கிய அச்சு. அதன் மேல்தான் ஷூவே உருவாகும். அதன் மேல் காகித டேப்பை ஒட்டி, டேப்பின் மேலேயே கோடு போட்டு, கத்தியால் கீறி உரித்து, அட்டையில் ஒட்டி நறுக்கினால் தோலை வெட்டுவதற்கான அட்டை அச்சு ரெடி. சரியில்லையா, இன்னொரு டேப், இன்னொரு அட்டை. மற்றவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அட்டை நறுக்கிக்கொண்டிருந்தேன். ரெனாத்தோ என் பின்னால் நின்று பார்ப்பார். கத்தி பிடிக்கும் கை நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை சொன்னார். நோட்டு எங்கே என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் நோட்டிலிருந்து நான் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தப்பும் நடந்தது. அதை ஆம்பூர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள்.

எங்கள் ஊரில் ஃபேக்டரிக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மத்தியானம் டீக்கடையில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். புது மாடலின் அட்டை ஒன்று வெளியே போய்விட்டால், நம் ஷூ பையர் கைக்குப் போவதற்குள் பக்கத்துக் கம்பெனியில் தைத்தே முடித்துவிடுவார்கள். அதனால் சரிவராத அட்டைகளைச் சாயங்காலம் பெல் அடிப்பதற்குள் கொத்தமல்லி போல் பொடியாக நறுக்கிவிட வேண்டும். மாஸ்டர் வாசலில் நிற்பார். நறுக்கியதைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். தேறின அட்டை மட்டும் பீரோவுக்குள் போகும். மூன்று வருஷம் அப்படிப் பழகிய கை இத்தாலிக்குப் போனதும் மறந்துவிடுமா? தினமும் சாயங்காலம் அன்றைய அட்டைகளை நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மேஜையை விட்டு எழுந்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேஜையை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாளே என்று பெருக்க வரும் அம்மாள் மட்டும் சந்தோஷப்பட்டார்.

நான் செய்துகொண்டிருந்த ஷூ நர்ஸ்களுக்கானது. டூட்டி முடிந்து வந்ததும் அம்மா முதலில் செய்வது ஷூவைக் கழற்றி வீசுவதுதான். காலையில் போட்டுக்கொண்டு போன அதே ஷூவுக்குள் சாயங்காலம் வேறு கால் இருக்கும். அவ்வளவு வீங்கியிருக்கும், கணுக்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில். சாயங்காலம் கால் பெரிதானால் ஷூவும் பெரிதாகட்டுமே என்று நினைத்தேன். வெளிப்பக்கத்தில் தோலை மேலொன்று கீழொன்றாக மடித்து, உள்ளே எலாஸ்டிக் வைத்து, கால் வீங்க வீங்க மடிப்பு தானாக விரிய வேண்டும். பார்ப்பதற்கு மடிப்பு ஒரு அலங்காரம் மாதிரி இருக்க வேண்டும். முதல் அட்டையில் மடிப்பு வாயைப் பிளந்தது. ஐந்தாவதில் விரியவே இல்லை. பதினோராவது அட்டையில் சரியாக வந்தது. முதல் பத்தும் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தன.

நடுவில் கொஞ்சம் ஊர் சுற்றினேன் என்று சொல்ல ஆசைதான். சின்யோராவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பக்கத்து ஊருக்குக் கிளம்பினேன். இரண்டாவது கிலோமீட்டரில் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கி, நானும் சைக்கிளும் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தோம். தோட்டக்காரர் துப்பட்டாவைக் கத்தியால் அறுத்து என்னை மீட்டார். போகும்போது கையில் ஒரு கொத்து திராட்சை கொடுத்தார். துப்பட்டாவின் பாதி இன்றும் அந்தச் சக்கரத்தில் இருக்கலாம். இன்னொரு சனிக்கிழமை ரயிலுக்குப் போனால் ஸ்டிரைக். அறிவிப்புப் பலகையில் எந்த ரயில் எத்தனை மணிக்கு ஓடாது என்று அழகாக அட்டவணை போட்டிருந்தார்கள். காட்பாடியில் ஓடுகிற ரயிலுக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

பத்தாவது வாரம் ஷூக்களைக் காட்டும் நாள் வந்தது. நீண்ட மேஜைக்கு அந்தப்புறம் மூன்று பேர்: ரெனாத்தோ, பள்ளியின் இயக்குநர், உள்ளூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து வந்த ஒரு நடுவயதுப் பெண்மணி. நான் என் ஷூவை வைத்தேன். பழுப்பு நிறத் தோல், ஒரே ஒரு மடிப்பு. மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

ரெனாத்தோ நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கிழித்தது போக மிஞ்சிய பக்கங்களில் இருந்தது ஒரு பஸ் நேர அட்டவணையும் சின்யோரா சொல்லிக் கொடுத்த ஏழெட்டு இத்தாலிய வார்த்தைகளும்தான்.

சோதனை அட்டைகளாவது எங்கே என்றார். நறுக்கிவிட்டேன் என்றேன். ஏன் என்றார். எங்கள் ஊர் வழக்கம் என்று ஆரம்பித்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது திருடன் சொல்லும் கதை போலக் கேட்டது.

ரெனாத்தோ ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "இது கச்சிதமாக முடிந்த வேலை. ஒரு மாணவி இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு பாதை இருக்க வேண்டும். உன்னிடம் பாதை இல்லை. இந்த ஷூ வேறு எங்கோ, வேறு யாரிடமோ பிறந்தது என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஷூக்கள் நகலாக எங்களுக்கே திரும்பி வருவது புதிதல்லவே."

காது சூடாகிவிட்டது. அவற்றைப் பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்பி, இதேபோல் செய்து கொடு என்று கேட்பது யார் என்று கேட்டேன். கட்டையைக் கொடுங்கள், டேப் கொடுங்கள், இங்கேயே உங்கள் கண் முன்னால் மறுபடியும் வெட்டுகிறேன் என்றேன். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்மணி, வெட்டட்டுமே என்றார்.

முக்கால் மணி நேரம். வெட்டி முடித்த அட்டைகளை ஷூவின் மேல் பொருத்திக் காட்டினேன். மயிரிழை கூட விலகவில்லை. பெண்மணி மடிப்புக்குள் விரலை விட்டு, ஏன் வெளிப்பக்கம், ஏன் உள்பக்கம் இல்லை என்று கேட்டார். என் அம்மா நர்ஸ், அவர் கால் அங்கேதான் வீங்கும் என்றேன். எட்டு மணி நேரம் நின்றால் உங்கள் கால் எங்கே வீங்கும் என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். மேஜைக்கு அடியில் அவர் தன் ஷூவை எப்போதோ கழற்றி வைத்திருந்தார்.

ரெனாத்தோ மட்டும் சிரிக்கவில்லை. "உன் கை நல்ல கை. அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மனப்பாடமாக வெட்டுவதும் நகல் எடுப்பவர்களின் திறமைதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் அதைத்தானே செய்தேன். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். நன்றாக, சத்தம் போட்டே அழுதேன். சர்டிபிகேட் இல்லாமல் ஆம்பூருக்குப் போனால் பழைய பெஞ்சு. பெஞ்சு கூடப் பரவாயில்லை, அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்ப்பாரே ஒரு பார்வை, அதை நினைத்துத்தான் அழுதேன்.

இயக்குநர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர். நாளைக் காலை பத்து மணி வரை நேரம் தருகிறேன், நாற்பது பக்கம் வேண்டாம், இருபது வரைந்து கொண்டு வா, நான் ரெனாத்தோவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

வகுப்பில் என் பக்கத்து மேஜைக்காரி சூமின், கொரியாவிலிருந்து வந்தவள். அவளிடம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அவளும் முதலில் ஷூவைச் செய்து முடித்துவிட்டு, அதைப் பார்த்துக் கடைசி வாரத்தில் நோட்டை நிரப்பியவள்தான். முதல் பக்கங்களில் கொஞ்சம் மோசமாக வரைய வேண்டும், போகப் போக நன்றாக வரைய வேண்டும், அதுதான் ரகசியம் என்றாள். இரண்டு பக்கங்களில் காப்பி சிந்தியிருந்தாள். பழையதாகத் தெரிய வேண்டுமாம். "உட்கார், நானும் வரைகிறேன். ஆளுக்குப் பத்துப் பக்கம்."

அன்பாகத்தான் சொன்னாள். நான் பென்சிலைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் வரைந்தும் விட்டேன். மோசமாகவே வரைந்தேன், அவள் சொன்ன மாதிரி. வரைந்ததைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயைப் பிளந்த முதல் அட்டை, விரியாத ஐந்தாவது அட்டை, அவையெல்லாம் நிஜமாக நடந்தவை. இந்தப் பக்கத்தில் இருந்தது எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு நாள் அடுத்தவர் ஷூவைத்தான் நகல் எடுத்தேன். இப்போது என் ஷூவுக்கே நான் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். தாளைக் கிழித்தேன்.

காலை பத்து மணிக்கு வெறுங்கையோடு போனேன். இயக்குநரும் ரெனாத்தோவும் இருந்தார்கள். என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "நான் வந்த வழி வேறு. வராத வழியை வரைந்து காட்டச் சொல்கிறீர்கள். நேற்று என்னைப் பொய்க்காரி என்றீர்கள். இன்றைக்குப் பொய் சொன்னால் சான்றிதழ் என்கிறீர்கள். எனக்கு வேண்டாம்."

ரெனாத்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இயக்குநர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தடிமனான தாள், தங்க நிற முத்திரை, பார்க்கப் பிரமாதம். அதில் இருந்தது ஒரே ஒரு வரி. இந்தப் பெண் பத்து வாரம் வகுப்புக்கு வந்தாள்.

சின்யோரா பியா ரயிலடி வரை வந்து, கட்டி அணைத்து, ஒரு மூட்டை சோள மாவு கொடுத்தார். சென்னை விமான நிலையத்தில் அதைப் பிரித்துப் பார்த்த அதிகாரிக்கு இது களி மாவு என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. இத்தாலிக்குப் போய் யாராவது களி மாவு வாங்கி வருவார்களா என்றுதான் அவருக்குச் சந்தேகம்.

காட்பாடியில் அம்மா டூட்டி உடையோடே வந்து நின்றார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்ததும் ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய அளவில்தான் செய்திருந்தேன். போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தரம் நடந்தார். ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த கால். மடிப்பு விரிந்தது, நான் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவுக்கு.

"நல்லாதான் இருக்கு," என்றார். "ஆனா பிரவுன்ல செஞ்சா நாங்க எப்படிடி போடறது? டூட்டிக்கு ஒயிட்தான் போடணும்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேர் உட்கார்ந்து என் நோட்டைத் தோண்டித் துருவினார்கள். நர்ஸ் ஷூ எப்படிப் பழுப்பாக இருக்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அது ஒன்றுதான் உண்மையான தப்பு, அதைக் கண்டுபிடித்தவர் அம்மா. சர்டிபிகேட் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். நான் பயந்த அந்தப் பார்வையை அவர் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றாமலே பாத்திரம் கழுவப் போனார்.

திங்கட்கிழமை ஆம்பூர். நான் இல்லாத நாட்களில் சாம்பிள் ரூமை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு ரூம் கட்டியிருந்தார்கள். உள்ளே புது மேஜை, நாற்காலி, ஏசி. பாய் ரூமுக்குள் மேனேஜர் நான் கொண்டுவந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஃபிரேம் போட்டு, பையர் வந்து உட்காரும் ரூமில் மாட்டிவிடலாம் என்றார். பாய் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் இத்தாலி பாஷை தெரியாது.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் அந்தப் புது நாற்காலி தெரிந்தது.

"பாய், இது பாஸ் பண்ண பேப்பர் இல்ல. பத்து வாரம் வந்து உக்காந்தேன்னு குடுத்த பேப்பர்," என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத யாரு கேட்டா இப்போ? ஜெர்மன்காரனுக்கு இத்தாலி தெரியுமா? மாட்டிட்டுப் போவோமே."

"மாட்டறதா இருந்தா ஷூவ மாட்டுங்க பாய். அது நான் செஞ்சது."

மேஜையில் நான் வைத்த ஷூவை அவர் எடுத்தார். மடிப்பை இழுத்து விட்டார், மறுபடி இழுத்தார். வெள்ளையில் சாஃப்ட் தோல் இருக்கிறதா என்று மேனேஜரைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "செருப்பு நல்லாருக்கு. ஆனா பேச்சு பேச்சுதான். சர்டிபிகேட் இல்ல, ரூம் இல்ல. நாளைக்கு நான் எல்லாருக்கும் பதில் சொல்லணும்."

சரி என்றேன். என் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்தக் கண்ணாடி ரூமில் ஏசி ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை என் ஷூவை வெள்ளைத் தோலில் சோதனைக்குப் போட உத்தரவு வந்தது. எந்த மாடல் போட்டாலும் அதற்கு ஒரு கார்டு எழுதுவார்கள். அந்தக் கார்டில் பாய் கையெழுத்து விழாமல் ஒரு துண்டுத் தோல் கூட வெட்ட மாட்டார்கள். ஸ்டைல் நம்பர், கட்டை நம்பர், தோல், கடைசியில் டிசைனர். பையர் பெயரோ அவருடைய இத்தாலி டிசைனர் பெயரோ தவிர அந்த இடத்தில் நான் வேறு எதையும் பார்த்தது கிடையாது. ரைட்டர் கோபால் அண்ணன் கார்டைக் கொண்டு வந்து என் பெஞ்சில் வைத்தார். டிசைனர் என்ற இடத்தில் 'இத்தாலி' என்று எழுதியிருந்தார். அவர் பாட்டுக்கு எழுதிவிட்டார், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

நான் அதை அடித்தேன். பக்கத்தில் 'ஜெமிமா, சத்துவாச்சாரி' என்று எழுதினேன். கட்டம் போதவில்லை, ஊர்ப் பெயர் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

கோபால் அண்ணன் கார்டைப் பார்த்தார், கண்ணாடி ரூமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாய் கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. படிச்சுக் காட்டுங்க."

அவர் கார்டை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் கட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.